எழுத்தும் அவையும்: வகுப்பறைக் கட்டுரைப் பயிற்சியின் வரலாறு – ஒரு நோக்கு

முன்னுரை

தமிழ் இலக்கியத்தில் முதுகலை பயிலும் மாணவர் ஒருவர் திணைக்கோட்பாடு பற்றிய நெடுவினாவிற்கு எட்டுப் பக்கம் விடை எழுதிவிடுகிறார். அதே மாணவரிடம், தம் ஊர்த் திருவிழாவை அவ்வூரை அறியாத ஒருவருக்கு விளங்குமாறு இரண்டு பக்கங்களில் எழுதித் தருமாறு கேட்டால் தடுமாறுகிறார். இத்தடுமாற்றம் மாணவரின் குறையா, அன்றி அவரை எழுதப் பழக்கிய முறையின் குறையா என்னும் வினா தமிழ்த்துறைகள் அனைத்திற்கும் உரியது. தமிழ்நாட்டிற்கு வெளியே இயங்கும் தமிழ்த்துறைகளுக்கு இவ்வினா இன்னும் நெருக்கமானது. வீட்டில் தமிழ் பேசிப் பள்ளியில் இந்தியிலோ கன்னடத்திலோ மலையாளத்திலோ எழுதிப் பழகிய மாணவர்கள் இங்கு வருகின்றனர். அவர்களுள் பலருக்குத் தமிழில் எழுதும் வாய்ப்பு தேர்வுத்தாள் ஒன்றாகவே அமைந்துவிடுகிறது.

குறித்த கால இடைவெளியில் மாணவரை எழுதச் செய்து அதன்வழி எழுத்தாற்றலை வளர்க்கும் முயற்சிகளுக்கு நெடிய வரலாறு உண்டு. அவ்வரலாற்றை ஆராய்ந்தோர் பெரும்பாலும் மாணவர் 'எதனை எழுதினார்', 'எத்தனை முறை எழுதினார்' என்னும் வினாக்களையே முதன்மைப்படுத்தியுள்ளனர். 'அவர் எழுதியதை யார் படித்தார்' என்னும் வினாவை முன்னிறுத்தி அவ்வரலாற்றின் சில திருப்பங்களை நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். எழுதும் பயிற்சி பயன் தந்த இடங்களிலெல்லாம் மாணவருக்கு ஓர் அவை இருந்தது என்பதும், அவ்வவை மறைந்து மதிப்பிடுவோர் மட்டும் எஞ்சிய இடங்களில் பயிற்சி வெறும் சுமையாயிற்று என்பதும் இதன் கருதுகோளாகும்.

தமிழ் மரபில் கற்றலும் அவையும்

நன்னூலின் பொதுப்பாயிரம் ஆசிரியர், மாணாக்கர் இருவரின் இயல்புகளையும் விரித்துரைப்பது. கற்றல் எவ்வாறு நிறைவுறுகிறது என்பதற்குப் பவணந்தியார் அங்கு ஒரு கணக்குத் தருகிறார். ஆசிரியர் உரைத்ததை முழுதும் உள்வாங்கினாலும் மாணாக்கர் பெறுவது காற்பங்கே. உடன் பயில்வோருடன் பழகுவதால் மற்றொரு காற்பங்கு வாய்க்கிறது. எஞ்சிய அரைப்பங்கு, தாம் கற்றதைப் பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் கைகூடுகிறது. நன்னூலார் இங்கு நூல் கற்றலைப் பேசுகிறாரேயன்றி எழுத்துப் பயிற்சியைப் பேசவில்லை. எனினும் அவர் வகுத்த பங்கீட்டின் விகிதம் கருதத்தக்கது. ஆசிரியரின் பங்கு கால். கேட்போரை முன்னிட்டுச் செய்யும் பங்கு அரை.

இக்கருத்து படைப்பு மரபிலும் காணப்படுகிறது. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசானுக்குக் குற்றமற எடுத்துரைக்கப்பட்டதாகப் பனம்பாரனாரின் சிறப்புப்பாயிரம் கூறுகிறது. நூல் எழுதி முடிப்பதோடு நிறைவடைவதில்லை. கேட்போர் முன் நின்று, ஐயங்களுக்கு விடை கூறிய பின்னரே நூலாகிறது என்னும் எண்ணம் அரங்கேற்றம் என்னும் வழக்கிற்கு அடிப்படை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இவ்வழக்கு உயிர்ப்புடன் இருந்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் திருப்பெருந்துறைப் புராணம் அரங்கேறியதையும், மாணவராகிய உ.வே.சாமிநாதையர் அவ்வரங்கேற்றத்தில் பாடல்களைப் படித்ததையும் 'என் சரித்திரம்' விரித்துரைக்கிறது. புலவருக்கு அவை இருந்தது. ஏடு படித்த மாணவரும் அவ்வவையில் நின்றே பழகினார்.

ஆயின் இவ்வாய்ப்பு புலமை பயின்ற சிலருக்கே கிடைத்தது என்பதையும் மறுத்தற்கில்லை. திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதி, பின்னர் ஓலையில் எழுத்தாணி பிடித்த பெரும்பாலோர் எழுதியது பிறர் பாட்டும் கணக்கும் வாய்பாடுமேயாகும். சொந்தச் சொல்லில் ஒன்றை எழுதுவது அங்குப் பாடமாக இருக்கவில்லை.

சென்னையிலிருந்து சென்ற முறை

திண்ணைப் பள்ளியின் ஒரு கூறு மட்டும் கடல் கடந்து சென்றது. 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான காப்பகத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதக் கண்டு அம்முறையைத் தம் காப்பகத்தில் புகுத்தினார். மூத்த மாணவர் இளையோருக்குக் கற்பிக்கும் ஒழுங்கையும் அமைத்தார். 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட அறிக்கையின் வழி இம்முறை இங்கிலாந்தில் 'சென்னை முறை' என்றே பெயர் பெற்றது. சட்டாம்பிள்ளையை அறிந்த நமக்கு இது புதிதன்று.

நன்னூலார் கூறிய உடன்பயில்வோரின் காற்பங்கு இம்முறையில் இருந்தது. எனினும் மூத்த மாணவர் கேட்டதும் இளைய மாணவர் எழுதியதும் முன்பே வரையறுக்கப்பட்ட எழுத்தும் சொல்லும்தாம். எழுதுவோருக்குச் சொல்வதற்கென்று ஒன்று இல்லாதபோது உடன்பயில்வோர் அவையாக மாறுவதில்லை, மேற்பார்வையாளராகவே நின்றுவிடுகின்றனர்.

ஹார்வர்டின் நாட்கட்டுரை

சொந்தச் சொல்லில் அடிக்கடி எழுதச் செய்வதைப் பல்கலைக்கழகப் பாடமாக ஆக்கிய முயற்சிகளுள் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தினுடையது முதன்மையானது. அங்கு 1874இல் நுழைவுத் தேர்வில் ஆங்கிலக் கட்டுரை எழுதுவது கட்டாயமாக்கப்பட்டது. மாணவர்களின் எழுத்து நிறைவு தராத நிலையில், ஆடம்ஸ் ஷெர்மன் ஹில் என்னும் பேராசிரியரின் முயற்சியால் 1885 முதல் முதலாண்டு மாணவர்களுக்குக் கட்டுரைப் பாடம் அமைந்தது. அவரோடு பணியாற்றிய பாரெட் வெண்டெல் (1855–1921) மேல்வகுப்பு மாணவர்களுக்கு 'நாட்கட்டுரை' முறையைக் கொணர்ந்தார். மாணவர் நாள்தோறும் தாம் கண்டதை ஒரு பக்க அளவில் எழுதித் தரவேண்டும். அதனுடன் இரு வாரத்திற்கு ஒருமுறை நீண்ட கட்டுரையும் எழுதவேண்டும். ஆசிரியரும் துணையாசிரியர்களும் அவற்றைப் படித்துக் குறிப்பெழுதித் திருப்பித் தந்தனர்.

இம்முறையில் பயின்றோருள் ஒருவர் அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தில் பின்னாளில் பெரும்புகழ் பெற்ற டபிள்யூ.இ.பி. டுபாய்ஸ். 1890இல் அவர் வெண்டெலின் வகுப்பில் சேர்ந்தார். உலகிற்குச் சொல்லத் தம்மிடம் செய்தி உண்டென்றும், அதனை நன்கு சொல்வதற்காகவே இப்பாடத்தைத் தேர்ந்தெடுத்ததாகவும் அவர் ஒரு கட்டுரையில் எழுதினார். வெண்டெல் அவ்வரியை வகுப்பில் உரக்கப் படித்துக் காட்டினார். பல்லாண்டு கழித்துத் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதியபோது டுபாய்ஸ் நினைவுகூர்ந்தது தாள் ஓரத்தில் ஆசிரியர் இட்ட திருத்தக் குறியை அன்று. தம் வரி வகுப்பின் முன் ஒலித்த அந்நிகழ்ச்சியையே ஆகும். எழுத்து ஓர் அவையை அடைந்த கணம் என்பதால் அது நினைவில் நின்றது எனக் கருதலாம்.

ஆயின் நாட்கட்டுரை முறையின் இயல்பான போக்கு இதுவன்று. பிற கல்லூரிகளுக்கு இம்முறை பரவியபோது அவையின் கூறு நழுவி, திருத்தத்தின் கூறே நிலைத்தது. எழுத்துப்பிழை, நிறுத்தக்குறி, வாக்கிய அமைப்பு ஆகியவற்றைச் சிவப்பு மையால் குறிப்பதே எழுத்துக் கல்வி என்றாயிற்று.

திருத்தும் சுமை

இதன் விளைவை 1912ஆம் ஆண்டின் ஓர் ஆவணம் தெளிவாகக் காட்டுகிறது. அமெரிக்க ஆங்கில ஆசிரியர்களின் தேசிய மன்றம் 1911இல் தோன்றியது. மறு ஆண்டு சனவரியில் வெளிவந்த 'இங்கிலீஷ் ஜர்னல்' என்னும் இதழின் முதற்கட்டுரையை கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் எட்வின் ஹாப்கின்ஸ் எழுதினார். இன்றைய சூழலில் கட்டுரைப் பாடத்தைச் செம்மையாகக் கற்பிக்க இயலுமா என்பது அதன் தலைப்பாக அமைந்த வினா. இயலாது என்று தொடக்கத்திலேயே விடை கூறிவிட்டு அவர் மேலே செல்கிறார். ஓர் ஆசிரியருக்கு ஒதுக்கப்படும் மாணவரின் எண்ணிக்கையும், அவர்கள் எழுதிக் குவிக்கும் தாள்களின் அளவும் மனித ஆற்றலுக்கு மீறியவை என்பது அவர் காட்டிய காரணம்.

ஹாப்கின்ஸின் முறையீடு நியாயமானது. அதில் அடங்கிய ஓர் எடுகோள் மட்டும் வினாவிற்குரியது. மாணவர் எழுதும் ஒவ்வொரு பக்கத்தையும் ஆசிரியர் ஒருவரே படித்துத் திருத்தியாக வேண்டும் என்பதே அவ்வெடுகோள். அதனை ஏற்றுக்கொண்டால் இரண்டு வழிகளே எஞ்சுகின்றன: ஆசிரியர் நலிவுற வேண்டும், அல்லது மாணவர் எழுதுவதைக் குறைத்துக்கொள்ள வேண்டும். நம் கல்லூரிகள் இரண்டாவது வழியைத் தேர்ந்துகொண்டுள்ளன. பருவத்திற்கு ஓர் ஒப்படைவும் ஒரு தேர்வும் என எழுத்து சுருங்கியதற்கு ஆசிரியரின் அக்கறையின்மையைக் காட்டிலும் இவ்வெடுகோளே பெரிய காரணம் எனலாம்.

பிரெனேயின் அச்சுக்கூடம்

அவ்வெடுகோளை உடைத்தவர் பிரான்சு நாட்டின் சிற்றூர்த் தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஒருவர். செலெஸ்தென் பிரெனே (1896–1966) முதல் உலகப்போரில் நுரையீரலில் காயமுற்றவர். 1920இல் தென்கிழக்குப் பிரான்சின் மலைப்பகுதியிலுள்ள பார்-சூர்-லூ என்னும் ஊரில் ஆசிரியரானார். நெடுநேரம் உரக்கப் பேசிப் பாடம் நடத்த அவர் உடல்நிலை இடந்தரவில்லை. பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்று கண்டவற்றைப் பேசச் செய்தார். திரும்பி வந்து பேசியவற்றை எழுதச் செய்தார். 1924இல் சிறியதொரு கை அச்சுப்பொறியை வகுப்பறைக்குள் கொண்டுவந்தார்.

வேலை நடந்த முறை எளிமையானது. பிள்ளைகள் தாம் விரும்பியதைத் தாம் விரும்பியபோது எழுதினர். இதனைப் பிரெனே 'கட்டற்ற எழுத்து' என்னும் பொருள்படப் பெயரிட்டழைத்தார். எழுதியதை வகுப்பின் முன் படித்தனர். எதனை அச்சிடுவது என்று பிள்ளைகளே கூடி முடிவு செய்தனர். தேர்ந்தெடுத்த எழுத்தை அனைவரும் சேர்ந்து கரும்பலகையில் செப்பனிட்டனர். பின்னர் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்து அச்சிட்டனர். திருத்தம் இங்கும் நிகழ்ந்தது. ஆனால் அதன் காரணம் மாறிவிட்டது. அச்சேறப் போகும் வரியில் பிழை இருக்கலாகாது என்பது ஆசிரியரின் ஆணையாக இல்லாமல் பிள்ளைகளின் கவலையாக ஆயிற்று.

இம்முயற்சிக்கு முழுவடிவம் தந்தது மற்றொரு பள்ளியுடன் ஏற்பட்ட தொடர்பு. பிரான்சின் மேற்குக் கோடியில், பிரித்தானி கடற்கரையை ஒட்டிய திரேகங்கில் ரெனே தானியேல் என்னும் ஆசிரியரும் அச்சுப்பொறி வாங்கினார். இரு பள்ளிகளும் அச்சிட்ட தாள்களை அஞ்சலில் பரிமாறிக்கொண்டன. மலையோரப் பிள்ளைகளுக்குக் கடல் புதிது. கடலோரப் பிள்ளைகளுக்கு மலை புதிது. தம் ஊரில் எல்லோரும் அறிந்ததை அறியாத ஒருவர் படிக்கப் போகிறார் என்னும் நிலையில், எதனை விளக்க வேண்டும், எதனை விடலாம் என்று எழுதுவோர் எண்ண வேண்டியதாயிற்று. உரைநடையின் அடிப்படைத் திறன் இதுவேயன்றோ? தெளிவாக எழுதுக என்று நூறுமுறை கூறினும் விளங்காத ஒன்று, விளங்கவில்லை என்று எதிர்ப்பள்ளியிலிருந்து வரும் ஒரு கடிதத்தால் விளங்கிவிடும். 1927இல் பல பள்ளிப் பிள்ளைகளின் எழுத்தைத் தொகுத்துத் தரும் 'கதிர்க்கட்டு' என்னும் பொருள்படும் இதழ் தொடங்கப்பெற்றது. அச்சுப்பொறி வைத்த பள்ளிகள் கூட்டுறவாக இணைந்தன.

அவை தரும் இடர்

அவை நன்மை மட்டும் தருவதன்று. பிரெனே 1928இல் சான்-போல் என்னும் ஊருக்கு மாறினார். அங்கு ஒரு சிறுவன் தன் கனவொன்றை எழுதினான். கனவில் பிள்ளைகள் ஆசிரியருடன் சேர்ந்து ஊர்த்தலைவருடன் மோத, ஊர்த்தலைவர் கொல்லப்படுகிறார். அது அச்சாகியது. ஊராட்சிக்கும் பள்ளிக்கும் முன்பே பகை இருந்தது. 1932 இறுதியில் அவ்வெழுத்தைச் சான்றாகக் காட்டி ஆசிரியரைத் தாக்கும் சுவரொட்டிகள் ஊர்ச் சுவர்களில் தோன்றின. தலைநகர வலதுசாரி இதழ்களும் அதனைக் கையிலெடுத்தன. 1933இல் பிரெனே அப்பள்ளியை விட்டு விலக நேர்ந்தது. 1935இல் மனைவி எலீஸுடன் வான்ஸ் என்னும் ஊரில் தம் சொந்தப் பள்ளியைத் திறந்தார்.

மாணவர் எழுத்தைப் பொதுவில் வைக்க விழைவோர் இந்நிகழ்ச்சியைக் கருத்திற் கொள்ளவேண்டும். எழுதுவோர் அறியாத, எழுதுவோர்பால் பரிவில்லாத கண்களும் அவ்வெழுத்தைப் படிக்கும். ஆகவே அவையின் அளவையும் தன்மையையும் வரையறுப்பது ஆசிரியரின் கடமையாகிறது. உடன்பயில்வோர் படிப்பதற்குரியது, துறை முழுதும் படிப்பதற்குரியது, வெளியார் படிப்பதற்குரியது என்னும் பகுப்பும், எதனை எங்கு வைப்பது என்பதில் மாணவரின் இசைவும் இன்றியமையாதவை. அஞ்சி அவையையே மறுப்பதும் தீர்வாகாது. பிரெனே தம் புதிய பள்ளியிலும் அச்சுப்பொறியைக் கைவிடவில்லை.

படிப்பவர் யார் என்னும் ஆய்வு

பிரெனே நடைமுறையில் கண்டதை ஆய்வு முறையில் நிறுவியவர்களாக இலண்டனில் ஜேம்ஸ் பிரிட்டனும் அவர்தம் குழுவினரும் கருதத்தக்கவர்கள். 11 முதல் 18 வயது வரையுள்ள மாணவர் பல்வேறு பாடங்களுக்காக எழுதிய ஏறத்தாழ 2,000 எழுத்துகளைத் திரட்டி, அவை யாரை நோக்கி எழுதப்பட்டன என்று அக்குழு வகைப்படுத்தியது. 1975இல் வெளியான அவ்வாய்வின்படி, ஏறத்தாழப் பாதி எழுத்துகள் மதிப்பிடுவோராகிய ஆசிரியரை நோக்கியவை. ஆசிரியரை உரையாடும் துணையாகக் கருதி எழுதப்பட்டவை அடுத்த நிலையில் இருந்தன. ஆசிரியரைக் கடந்த அவையை நோக்கியவை மிகச் சிறுபகுதியே.

மதிப்பிடுவோருக்கு எழுதுவதில் உள்ள இயல்பின்மை எண்ணிப்பார்க்கத்தக்கது. உலக வழக்கில் ஒருவர் அறியாததை அறிந்தவர் கூறுகிறார். தேர்வுத்தாளிலோ அறியாதவர் அறிந்தவருக்குக் கூறுகிறார். கேட்பவர் முன்பே அறிந்திருப்பதால் விளக்க வேண்டிய தேவை எழுவதில்லை, நினைவூட்டினால் போதும். நம் மாணவரின் விடைகளில் தொடர்பற்ற குறிப்புகளும் மேற்கோள்களும் மலிந்து, ஒரு கருத்திலிருந்து மறுகருத்திற்குச் செல்லும் வழி காணப்படாமைக்கு இதுவே காரணம் எனலாம்.

அமெரிக்காவில் பீட்டர் எல்போ 1973இல் வெளியிட்ட 'ஆசிரியரின்றி எழுதுதல்' என்னும் பொருள்படும் நூல் வேறொரு வழியில் இதே முடிவை அடைந்தது. சிறு குழுவினர் வாரந்தோறும் கூடவேண்டும். ஒவ்வொருவரும் வாரந்தோறும் எதையேனும் எழுதிவர வேண்டும். கேட்போர் தீர்ப்பு வழங்காமல், படித்தபோது தம் மனத்தில் நிகழ்ந்ததை மட்டும் கூறவேண்டும் என்பது அவர் வகுத்த முறை. ஹாப்கின்ஸ் கண்ட சுமை இங்கு இல்லை. படிப்போர் பலராகிவிட்டனர்.

வாரம் என்னும் கால அளவு

நாட்கட்டுரை மாணவரையும் ஆசிரியரையும் களைப்படையச் செய்தது. பருவத்திற்கொரு கட்டுரையில், எதிர்வினை வந்து சேர்வதற்குள் எழுதியவரே அதனை மறந்துவிடுகிறார். வாரம் என்னும் அளவில் எழுதவும், பிறர் படிக்கவும், அவர் கூறியதைக் கேட்டு அடுத்ததை மாற்றி எழுதவும் காலம் கிடைக்கிறது. தமிழ் உரைநடை வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. பழந்தமிழ் ஏடுகளைப் பதிப்பிப்பதில் வாழ்நாளைச் செலவிட்ட உ.வே.சா. தம் முதுமையில், 1940 முதல் ஆனந்த விகடன் வார இதழில் 'என் சரித்திர'த்தை எழுதினார். 1942இல் அவர் மறைந்ததால் அது முற்றுப்பெறாது நின்றது. புலவரல்லாத வார இதழ் வாசகரும் பின்தொடரத்தக்க தெளிவு அந்நடையில் அமைந்திருப்பதற்கு, வாரந்தோறும் காத்திருந்த அவ்வவையும் ஒரு காரணம் எனக் கொள்ளலாம்.

தொகுப்புரை

மேற்கண்டவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

1. அடிக்கடி எழுதுவது மட்டும் எழுத்தாற்றலை வளர்ப்பதில்லை. ஹார்வர்டு முறை பரவிய வரலாறு இதனை உணர்த்துகிறது.

2. ஆசிரியர் ஒருவரே படிப்பவர் என்னும் எடுகோளே எழுத்துப் பயிற்சி சுருங்கியதற்கு முதன்மைக் காரணம். படிப்போர் பலராகும்போது சுமை பகிரப்படுகிறது, எழுத்தும் தெளிவுறுகிறது.

3. எழுதுவோர் அறிந்ததை அறியாத அவையே சிறந்த அவை. பிரெனேயின் பிள்ளைகளுக்குத் தொலைவிலுள்ள பள்ளி அவ்வாறு அமைந்தது.

4. அவை ஆசிரியரின் பொறுப்பில் வரையறுக்கப்படாவிடின் மாணவருக்கும் ஆசிரியருக்கும் தீங்கு நேரக்கூடும்.

இவற்றைத் தமிழ்த்துறைகளில் நடைமுறைப்படுத்தப் பெரும்பொருள் தேவையில்லை. தில்லியில் தமிழ் பயிலும் மாணவரும் திருவனந்தபுரத்தில் தமிழ் பயிலும் மாணவரும் பெங்களூரில் பயில்வோரும் ஒரே தமிழை வெவ்வேறு மொழிச்சூழலில் வாழ்கின்றனர். ஒருவர் தெருவில் கேட்கும் மொழி மற்றவருக்குப் புதிது. ஒருவர் ஊர்த் தமிழர் குடியேறிய கதை மற்றவர் அறியாதது. வாரம் ஒரு பக்கம் எழுதி, வகுப்பில் படித்து, தேர்ந்தவற்றைப் படியெடுத்து மாதம் ஒருமுறை பிற துறைக்கு அனுப்பலாம். அங்கிருந்து வரும் வினாக்களுக்கு விடை எழுதுவது அடுத்த மாதத்தின் முதற்பணியாகலாம். ஆசிரியர் ஒவ்வொரு தாளிலும் எல்லாப் பிழையையும் திருத்தாது, வகுப்பு முழுவதற்கும் பொதுவான ஒரு பிழையை மட்டும் எடுத்துக்கொண்டு அதனைக் கரும்பலகையில் விளக்கினால் போதும்.

நன்னூலார் வகுத்த பங்கீட்டில் ஆசிரியரின் காற்பங்கை நாம் செம்மையாகவே வழங்கி வருகிறோம். உடன்பயில்வோரின் காலும், பிறர்க்கு உரைப்பதன் அரையும் மாணவருக்கு இன்னும் தரப்படவேண்டியவை. அவற்றைத் தராமல் மாணவருக்கு எழுத வரவில்லை என்று கூறுவது பொருந்தாது.